53 சதவீத ஆதரவு, ஆனால் சட்டம் இல்லை: தன்பாலினத் திருமணமும் பிற சமூகக் கோரிக்கைகளும்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தன்பாலினத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கோரும் மனுக்களை விசாரித்துக் கொண்டிருந்தது. இந்திய மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு அப்போது இரண்டு எண்கள் முன்வைக்கப்பட்டன. ஏப்ரல் 23-ஆம் தேதி பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நிறைவேற்றிய தீர்மானம், நாட்டு மக்களில் 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இதை எதிர்ப்பதாகக் கூறியது. ஏறத்தாழ அதே வாரங்களில் அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் இந்தியாவில் நேர்காணல் முறையில் கருத்துக்கணிப்பு நடத்திக் கொண்டிருந்தது. அதில் 53 சதவீதத்தினர் ஆதரவு தெரிவித்தனர். 43 சதவீதத்தினர் எதிர்த்தனர்.

முதல் எண்ணின்படி ஆயிரம் பேரில் ஒருவர்கூட ஆதரவாளர் இல்லை. இரண்டாவது எண்ணின்படி ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆதரவாளர்கள். பார் கவுன்சில் தந்த எண்ணுடன் என்ன கேள்வி கேட்கப்பட்டது, எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது என்ற விவரங்கள் இடம்பெறவில்லை. பியூ மையத்தின் எண்ணுக்கு அந்த விவரங்கள் உள்ளன. எனவே அதைத்தான் ஆராய முடியும். ஆனால் அந்த 53-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. சாதி மறுப்புத் திருமணம், பெண்ணுரிமை, திருநர் உரிமை ஆகிய பிற சமூகக் கோரிக்கைகளுக்குக் கிடைக்கும் ஆதரவுடன் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதே அதன் உண்மையான அளவு புலப்படும்.

கேள்வியும் சொல்லும்

பியூ மையம் கேட்ட கேள்வி, தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ள அனுமதிப்பதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்பது. சட்டம், அனுமதி, பிறர் ஆகிய மூன்றும் கேள்வியில் அடங்கியுள்ளன. பதில் சொல்பவரின் வீடு அதில் இல்லை. இதே மையம் முந்தைய ஆண்டுகளில், தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டுமா என்று கேட்டிருந்தது. அதற்கு ஆம் என்றவர்கள் 2014-இல் 15 சதவீதம். 2019-இல் 37 சதவீதம். இடையில், 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு வயது வந்தோரின் சம்மதத்துடன் கூடிய உறவுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 15, 37, 53 என்ற மூன்று எண்களையும் ஒரே கோட்டில் வைத்து ஆதரவு படிப்படியாக ஏறிவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால் முதல் இரண்டும் ஒரு கேள்விக்கான பதில், மூன்றாவது வேறொரு கேள்விக்கான பதில்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். தமிழ் ஊடகங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல், உறவு கொள்ளும் இருவரை விட்டுவிட்டு உடற்செயலை மட்டும் முன்னிறுத்துகிறது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் மனிதரின் இயல்பைச் சுட்டுகிறது. இரண்டு சொற்களையும் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில் வரும் என்று இந்தச் செய்தியாளருக்குத் தோன்றவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலைத் தொடர்ந்து, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்களஞ்சியத்தைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. ஆயினும் நாளிதழ்த் தலைப்புகளில் பழைய சொல் இன்னும் முழுமையாக மறையவில்லை.

அண்டை நாடுகளுடன் ஒப்பிட்டால் இந்தியாவின் எண் உயர்வானது. 2023-இல் பியூ மையம் வெளியிட்ட தொகுப்பில் இலங்கையில் ஆதரவு 23 சதவீதம், மலேசியாவில் 17, இந்தோனேசியாவில் 5. தென்கொரியாவில்கூட 41 சதவீதம்தான். தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 45.

சாதி என்னும் அளவுகோல்

இதே மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை ஏறத்தாழ 30 ஆயிரம் இந்தியர்களிடம், 17 மொழிகளில் நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2021-இல் வெளியாயின. தங்கள் சமூகத்துப் பெண்கள் வேறு சாதியில் மணம் முடிப்பதைத் தடுப்பது 'மிக முக்கியம்' என்று அதில் 64 சதவீதத்தினர் கூறினர். ஆண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 62 சதவீதம். மதம் கடந்த திருமணத்தில் எதிர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது. தங்கள் பெண்களைத் தடுப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் 67 சதவீதத்தினரும் முஸ்லிம்களில் 80 சதவீதத்தினரும் கூறினர்.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் வியப்பே மேலிடும். இரண்டு ஆண்கள் அல்லது இரண்டு பெண்கள் சட்டப்படி மணம் புரிவதைப் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கிறார்கள். வேற்றுச் சாதியைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும் மணம் புரிவதை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தடுக்க விரும்புகிறார்கள். சாதி மறுப்புத் திருமணத்தைவிடத் தன்பாலினத் திருமணத்தை இந்தியர்கள் அதிகம் ஆதரிக்கிறார்கள் என்று இதற்குப் பொருளா? அப்படிச் சொல்வது பிழையாகும். முதல் கேள்வி நாட்டின் சட்டத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி 'உங்கள் சமூகத்தில்' என்று தொடங்குகிறது. வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கிறது.

இந்த வேறுபாட்டை அதே ஆய்வின் இன்னொரு விடை தெளிவாக்குகிறது. பட்டியல் சாதியினர் அல்லாதோரிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அண்டை வீட்டாராக ஏற்பீர்களா என்று கேட்டபோது 72 சதவீதத்தினர் ஏற்பதாகக் கூறினர். பக்கத்து வீடு வரை சம்மதம். மணமேடை என்றதும் சம்மதம் சரிகிறது. 'உங்கள் மகனோ மகளோ தன் பாலினத்தைச் சேர்ந்தவரை மணந்தால் ஏற்பீர்களா' என்று கேட்டிருந்தால் 53 என்ற எண் நிலைத்திருக்குமா என்பதே இந்த ஒப்பீடு எழுப்பும் உண்மையான கேள்வி. நிலைத்திருக்காது என்று கருதவே காரணங்கள் அதிகம். இத்தகைய உறவில் உள்ளோர் நீதிமன்றத்தை நாடிய வழக்குகளில் எதிர்த்தரப்பில் நிற்பது பெரும்பாலும் பெற்றோரே.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழாக உள்ளது. சாதி மறுப்புத் திருமணத்துக்குச் சட்டம் எப்போதோ வந்துவிட்டது. வித்தல்பாய் படேல் 1918-இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த இந்து திருமணச் செல்லுபடி மசோதா கடும் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. அதன் நோக்கம் 1949-இல்தான் சட்டமானது. சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அம்பேத்கர் 1936-இலேயே எழுதியிருந்தார். 1954-இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் உள்ளது. அரசே ஊக்கத்தொகை தரும் ஒரு செயலுக்கு நாட்டில் நடக்கும் திருமணங்களில் கிடைத்துள்ள இடம் எவ்வளவு? 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி சுமார் 5 சதவீதம்.

அந்த 5 சதவீதத்துக்குள் வருவதற்குக் கொடுக்கும் விலை சில சமயம் உயிர். 2016 மார்ச் 13-ஆம் தேதி உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பட்டியல் சாதி இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். இரு வயது வந்தோரின் திருமணத்தில் தலையிட ஊராருக்கோ சாதி அமைப்புக்கோ உரிமை இல்லை என்று 2018 மார்ச் 27-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் தொடர்ந்தது. அதற்கான பரிந்துரைகளை அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

ஆக, ஒரு கோரிக்கைக்குச் சட்டம் உண்டு, சமூக ஆதரவு இல்லை. மற்றொன்றுக்குக் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மை உண்டு, சட்டம் இல்லை.

பெண்ணுரிமை: ஒரே வீட்டில் இரண்டு பதில்கள்

2022-இல் வெளியான பியூ அறிக்கை, இந்தியர்கள் ஆண், பெண் பங்கை எப்படிக் காண்கிறார்கள் என்று விவரித்தது. பெண்களும் ஆண்களும் அரசியல் தலைமையில் சம திறன் உடையோர் என்றவர்கள் 55 சதவீதம். பெண்களே மேல் என்றவர்கள் 14 சதவீதம். அதே மக்களில் 87 சதவீதத்தினர், மனைவி எப்போதும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை முழுமையாகவோ பெருமளவிலோ ஒப்புக்கொண்டனர். பிரதமராகப் பெண் இருக்கலாம், வீட்டில் கணவன் சொல்லே நிலைக்க வேண்டும் என்ற இந்த இரட்டை விடை, சாதி பற்றிய விடைகளின் அதே வார்ப்பில் அமைந்தது.

ஆதரவு இருந்தாலே சட்டம் விரைந்து வந்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு அளிக்கும் மசோதா முதலில் 1996-இல் அறிமுகமானது. நிறைவேறியது 2023 செப்டம்பரில்.

பாலாற்றுப் பாலத்தின் இரு கரைகள்

பியூ ஆய்வு நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்தது. பெண்களின் சாதி மறுப்புத் திருமணத்தைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் மத்திய இந்தியாவில் 82 சதவீதம். தென்னிந்தியாவில் 35 சதவீதம் மட்டுமே. தமிழ்நாடும் கர்நாடகமும் இந்த 35-க்குள் ஒன்றாக அடங்குகின்றன. ஆனால் 'தெற்கு' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு வேறுபாடுகளை மறைக்கிறது என்பதை அறிய, மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள பாலாறு நல்ல இடம். (நந்தி மலையில் தோன்றி வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு, இது காவிரியில் கலக்கும் எல்லை ஆறு.) பாலத்தின் ஒரு கரை தமிழ்நாடு. மறு கரை பழைய மைசூரு மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம்.

தமிழ்நாட்டுக் கரையில், புரோகிதரோ சடங்கோ இல்லாமல், உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் இருவர் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்துக்கொண்டாலோ தாலி கட்டினாலோ அது செல்லும் திருமணம். பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1920-களின் இறுதியில் தொடங்கிய வழக்கம் இது. இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்னர் நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து அங்கீகாரம் கிடைத்தது. அன்று எந்தக் கருத்துக்கணிப்பும் நடத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஓர் இயக்கம் நாற்பதாண்டுகள் நடத்திக் காட்டியதைச் சட்டமன்றம் ஏற்றது. இந்தப் பிரிவு மாநிலத் திருத்தம் என்பதால் பாலத்தைத் தாண்டினால் கர்நாடகத்தில் அது இல்லை.

நீதிமன்ற உத்தரவுகளும் அப்படியே. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கில், 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22-இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்பு கோரிய வழக்கில், 2021 ஜூன் 7-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான வழிகாட்டுதல்களை வழங்கினார். தாம் முதலில் கொண்டிருந்த முன்முடிவுகளை ஒளிக்காமல், உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்பே உத்தரவு எழுதினார் என்பது அந்த வழக்கின் சிறப்பு. பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்கு அவர் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அத்தகைய சிகிச்சையை மருத்துவர்களுக்கான தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது. 2025 மே 22-இல், பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணை அவரது தோழியுடன் செல்ல அனுமதித்த இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது என்றும் கூறியது. இவை தமிழ்நாட்டு அதிகாரிகளைக் கட்டுப்படுத்துபவை. கர்நாடக நீதிமன்றங்களில் மேற்கோளாகக் காட்டலாம், அவ்வளவே.

இதை வைத்துத் தமிழ்நாட்டுக் கரையே முற்போக்கானது என்று முடிவு கட்டிவிட முடியாது. திருநர் நல வாரியத்தை 2008-இல் முதலில் அமைத்தது தமிழ்நாடு. ஆனால் அரசுப் பணிகளில் திருநருக்கு எல்லாப் பிரிவுகளிலும் 1 சதவீத உள்ஒதுக்கீட்டை 2021 ஜூலையில் முதலில் வழங்கியது கர்நாடகம். அதே கர்நாடகத்தில், ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமே என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் சுமார் 77 சதவீதப் பெண்களும் 82 சதவீத ஆண்களும் கூறினர். தேசிய சராசரி பெண்களில் 45, ஆண்களில் 44. சாதி பற்றிய கேள்வியில் தெற்கு முன்னால் நிற்கிறது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய கேள்வியில் பின்னால் நிற்கிறது.

சட்டம் முன்னே, மக்கள் பின்னே?

மக்கள் ஆதரித்த பிறகே சட்டம் வர வேண்டுமா என்பதற்குப் பிற நாடுகளின் அனுபவம் ஒரே விடையைத் தரவில்லை. அமெரிக்காவில் வெள்ளையர், கருப்பினத்தவர் இடையிலான திருமணத்தை 1958-இல் 4 சதவீதத்தினர் மட்டுமே ஏற்றதாக காலப் நிறுவனம் கண்டறிந்தது. 1967-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்திருமணங்களுக்கு எதிரான தடைகளை நீக்கியது. மறுஆண்டும் ஆதரவு 20 சதவீதம்தான்; 2021-இல் 94. அங்கே சட்டம் முன்னே சென்றது, மக்கள் மனம் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. தன்பாலினத் திருமணத்தில் வரிசை மாறியது: 1996-இல் 27 சதவீதமாக இருந்த ஆதரவு 2011-இல் 53 ஆனது, 2015-இல் 60 ஆன பிறகே தீர்ப்பு வந்தது. இந்தியாவின் இன்றைய எண்ணும் அமெரிக்காவின் 2011 எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயலே.

தைவானின் கதை இன்னும் சிக்கலானது. அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் 2017-இல் திருமண உரிமையை ஏற்றது. அடுத்த ஆண்டு நடந்த பொது வாக்கெடுப்பில், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் மட்டுமே என்ற நிலைப்பாட்டுக்கு சுமார் 76 லட்சம் பேரும் எதிராக சுமார் 29 லட்சம் பேரும் வாக்களித்தனர். ஆயினும் 2019 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அரசின் சொந்தக் கணிப்பில் 2018-இல் 37.4 சதவீதமாக இருந்த ஆதரவு 2023-இல் 62.6 சதவீதமாக உயர்ந்தது. அதே 2023-இல் பியூ மையம் கேட்டபோது தைவானில் கிடைத்த எண் 45. ஒரே நாடு, ஒரே ஆண்டு, 17 புள்ளிக்கும் மேற்பட்ட வேறுபாடு! ஜப்பானிலோ மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஆதரித்தும் தேசியச் சட்டம் இயற்றப்படவில்லை. ஆசியாவில் தைவானை அடுத்து நேபாளத்தில் உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவின்படி 2023 நவம்பரில் முதல் திருமணம் பதிவானது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

டெல்லியில் நின்ற இடம்

உச்ச நீதிமன்ற விசாரணையின்போது மத்திய அரசு, இக்கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று தனது மனுவில் குறிப்பிட்டது. அதற்கு அரசிடம் தரவு எதுவும் இல்லை என்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் சுட்டிக்காட்டினார். மாநிலங்களின் கருத்தைக் கேட்டு மத்திய அரசு எழுதிய கடிதத்துக்கு விசாரணை முடியும் தறுவாயில் ஏழு மாநிலங்கள் மட்டுமே பதிலளித்திருந்தன. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் ஆகிய மூன்றும் எதிர்த்தன. மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் ஆகியவை அவகாசம் கேட்டன. தமிழ்நாடும் கர்நாடகமும் அந்த ஏழில் இல்லை.

2023 அக்டோபர் 17-இல் தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதிலும், 'ஆண்', 'பெண்' என்று வயது வரம்பைக் குறிக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் மாற்றி வாசிக்க முடியாது என்பதிலும் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். தன்பாலின இணையரின் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டுமா, அவர்கள் கூட்டாகக் குழந்தையைத் தத்தெடுக்கலாமா ஆகியவற்றில் மூவர் மறுத்தனர், சந்திரசூட்டும் எஸ்.கே. கவுலும் ஏற்றனர். எதிர்பாலின உறவில் உள்ள திருநர் தற்போதைய சட்டங்களின் கீழே மணம் புரியலாம் என்பதையும் அமர்வு ஏற்றது. தூத்துக்குடி வழக்கின் நிலைப்பாடு அவ்வகையில் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9-இல் தள்ளுபடியாயின.

இணையர்களின் அன்றாட உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைப்பதாக மத்திய அரசு நீதிமன்றத்தில் அளித்த உறுதியின்படி 2024 ஏப்ரலில் அக்குழு அமைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரில் சில தெளிவுரைகள் வெளியாயின. தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை. ஒருவரை மற்றவர் வாரிசுதாரராக நியமிக்கலாம். ரேஷன் அட்டைக்கு இருவரையும் ஒரே குடும்பமாகக் கருத வேண்டும். உறவினர் இல்லாதபோது இணையரின் உடலைப் பெற உரிமை கோரலாம். வாரிசுரிமை, கூட்டாகத் தத்தெடுத்தல், கணவன் அல்லது மனைவி என்ற தகுதியில் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுக்குத் திருமணச் சட்டமே திறவுகோல் என்பதால் அவை இந்தத் தெளிவுரைகளுக்குள் வரவில்லை. திருமணத்துக்கு மாற்றாக, இருவர் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் 'குடும்ப இணைப்பு ஒப்பந்தம்' ஒன்றைப் பதிவு செய்ய வழிவகுக்கலாம் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசுக்கு யோசனை கூறினார்.